பழனிச்சாமியை வேலைக்கு வைக்கலாமா என்று நீ கேட்டாய்

அன்புள்ள முத்துவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மலரும் பாப்பாவும் நலமாக இருக்க வேண்டும். போன வாரம் போனில் நீ ஒன்று கேட்டாய். "அப்பா, பழனிச்சாமி அண்ணன் வெளிய வந்துட்டாரு. கடையில வேல கேக்குறாரு. வச்சுக்கவா?" என்றாய். "செத்த பொறு, யோசிச்சுச் சொல்றேன்" என்று போனை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் பின்வாசல் பக்கம் போய்விட்டேன். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நீ அவளிடம் வருத்தப்பட்டாயாம். அப்படி இல்லை. உன்னை வேலைக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லி நான் இந்த ஊரில் கடை கடையாக ஏறி இறங்கிய காலம் கண் முன்னால் வந்து நின்றது. இன்றைக்கு ஒருவர் உன் கடை வாசலில் வந்து நின்று கேட்கிறார், நீ அதை எங்களிடம் கேட்கிறாய். அதனால்தான் எழுந்து போனேன், அவ்வளவுதான். கண் ஆபரேஷன் செய்த பிறகு எழுத்தெல்லாம் தெளிவாகத் தெரிகிறது. போனில் சொல்ல வராததை உட்கார்ந்து எழுதுகிறேன். கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் படி.

நீ வீட்டுக்குத் திரும்பி வந்த கதையில் உனக்குத் தெரிந்தது பாதிதான். ஜெயில் கேட்டுக்கு உள்ளே நடந்தது உனக்குத் தெரியும். வெளியே உனக்காக யார் யார் என்னென்ன செய்தார்கள் என்பதை நான் உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. உன்னோடு உள்ளே இருந்த பழனிச்சாமி விஷயத்தில் முடிவெடுப்பதற்கு முன்னால் அதை நீ தெரிந்துகொள்வது நல்லது.

நீ முதல் தடவை பரோலுக்கு மனு போட்டபோது நன்னடத்தை அலுவலர் அம்மா நம் வீட்டுக்கு வந்தார். இவனை வெளியே விட்டால் வீட்டார் ஏற்றுக்கொள்வார்களா, தெருவில் பிரச்சினை வருமா என்று விசாரித்து எழுதுகிற அதிகாரி. திண்டுக்கல் நாகல் நகரில் நம் தெருவில் நான்கைந்து வீட்டில் பேசிவிட்டு வந்து, உன் அம்மா கொடுத்த மோரைக் குடித்தார். பிறகு என்னிடம், "இறந்தவர் குடும்பத்தையும் நான் பாக்கணும் சார். அவங்களுக்குப் பயம் ஏதும் இருந்தா அதையும் எழுதணும்" என்றார். நானும் கூட வரட்டுமா, காலில் விழுந்தாவது கேட்கிறேன் என்றேன். "வேணாம். நீங்க போய் நின்னா மெரட்ட வந்த மாதிரி ஆயிரும். நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு பேச்சிலேயே எனக்கு அவர்மேல் மரியாதை வந்துவிட்டது.

கணேசன் வீடு ஆத்தூரில். அவரும் உன்னைப்போல லோடு வேன் ஓட்டியவர்தான். மார்க்கெட்டில் வண்டி நிறுத்துகிற இடத்துக்காக வந்த வாய்த்தகராறில் நீ பிடித்துத் தள்ள, அவர் சிமெண்டுத் திட்டில் தலை மோதி விழுந்தார். மறுநாள் ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது. கொல்ல வேண்டும் என்று நினைத்து நீ தள்ளவில்லை என்று கோர்ட்டே சொன்னது. ஆனால் அந்த வீட்டில் ஒரு மனுஷன் இல்லாமல் போனது போனதுதான். அவருடைய மனைவி செல்வியை நான் கோர்ட் வராந்தாவில் தூரத்தில் நின்று பார்த்ததோடு சரி. அலுவலர் அம்மா ஆத்தூருக்குப் போய்வந்த பிறகு எனக்குப் போன் செய்தார். "அவங்க உங்களப் பாக்கணும்னு சொல்றாங்க. என் ஆபீஸுக்கு வாங்க. நானும் கூட இருப்பேன்" என்றார்.

நான் போனபோது செல்வி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் அதன் அண்ணன் நின்றார். என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போயிருந்தேன். கும்பிட்டேன். அந்தப் பிள்ளை பதிலுக்குக் கும்பிடவில்லை. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தது. பிறகு சொன்னது:

"நான் ஒங்க மகன மன்னிக்கல. அது எனக்கு வரல. வருமான்னும் தெரியல. அதுக்காக அவன் உள்ளயே கெடக்கணும்னு நான் சொல்லல. அவன் உள்ள கெடந்தா எம்புருசன் எந்திரிச்சு வரப் போறதில்ல. வரட்டும், பெத்தவங்களோட இருக்கட்டும். ஆனா எங்க ஊர்ப் பக்கம் அவன் தல தெரியக் கூடாது. எம்மக பஸ்ஸுக்கு நிக்கயில அவன் மொகத்தப் பாத்துரக் கூடாது. அம்புட்டுத்தான்."

நான் சரி என்றேன். அலுவலர் அம்மா அதை அப்படியே எழுதிக்கொண்டார். வெளியே வரும்போது செல்வியின் அண்ணன் மட்டும் என்னைக் கூப்பிட்டு, "பெரியவரே, பஸ்ஸு நிக்கிற எடம் அந்தப் பக்கம்" என்று கை காட்டினார். இருபது வருடத்துக்கு மேல் அதே ரோட்டில் கண்டக்டராக டிக்கெட் போட்டவன் நான். அன்றைக்கு எனக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரியவில்லை.

பரோலில் வந்தபோதும் தண்டனை முடிந்து வந்தபோதும் உன்னிடம், "ஆத்தூர் ரோட்டுப் பக்கம் போகாதே" என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று நீ கேட்கவில்லை. இன்றுவரை சித்தையன்கோட்டையில் ஒரு கல்யாணச் சமையல் ஆர்டர் வந்தால்கூடச் சுற்றிக்கொண்டு போகிறாய் என்று மலர் சொல்லித் தெரியும். காரணம் கேட்காமலே இத்தனை நாள் அதைக் காப்பாற்றினாய். இப்போது காரணம் தெரிந்துவிட்டது. இனிமேலும் காப்பாற்று. உனக்கு இந்த ஊரில் இடம் கொடுத்த முதல் ஆள் அந்தப் பிள்ளைதான். மனதில் கோபத்தை வைத்துக்கொண்டே ஒருவரால் அவ்வளவு நியாயமாக நடந்துகொள்ள முடியும் என்பதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். தினமும் விளக்கு ஏற்றும்போது உன் அம்மா அந்தக் குடும்பத்தின் பெயரைச் சொல்லித்தான் முதலில் கும்பிடுகிறாள். மன்னிப்புக் கேட்பதற்காகக்கூட அங்கே போகாமல் இருப்பதுதான் நம்மால் முடிந்த நன்றி.

தண்டனை முடிந்து நீ வீட்டுக்கு வந்த புதிதில் நாங்கள் ரொம்ப சந்தோஷமாக இருப்போம் என்று நினைத்திருந்தோம். உன் அம்மா கெளுத்தி மீன் குழம்பு வைத்திருந்தாள். நீ தட்டை எடுத்துக்கொண்டு சுவர் ஓரமாகப் போய்க் குத்த வைத்து உட்கார்ந்து, யாரோ பிடுங்க வருகிற மாதிரி சாப்பிட்டு முடித்தாய். தட்டைக் கழுவிவிட்டு எங்கே வைப்பது என்று கேட்டாய். அந்த வீட்டிலேயே வளர்ந்த பிள்ளை, தட்டு எங்கே வைப்பது என்று கேட்டது. கக்கூசுக்குப் போவதற்கு முன்னால் என் முன்னால் வந்து நிற்பாய். ஏன் நிற்கிறாய் என்று எனக்கு முதலில் புரியவில்லை. உன் அம்மாவுக்குத்தான் புரிந்தது. "ஏலே, இது ஒன் வீடுடா. யாரையும் கேக்காண்டாம்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சாத்தியிருக்கும் கதவின் முன்னால், அதை யாராவது திறந்துவிட வேண்டும் என்பதுபோல நின்றுகொண்டே இருப்பாய். அவள் ஒன்று செய்தாள், நீ கவனித்தாயோ என்னவோ. கொஞ்ச நாளைக்கு வீட்டில் எந்தக் கதவையும் சாத்தவே இல்லை. பூனை வந்து பாலைக் குடித்துவிட்டுப் போனது. குடித்தால் குடிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

உறவுக்காரர்கள் வந்தார்கள். எல்லோரும் நல்ல மனதோடுதான் வந்தார்கள். "நடந்தத மறந்துரு அப்பு" என்றார்கள். "இனியாச்சும் கோவப்படாம இரு" என்றார்கள். நீ தலையை ஆட்டினாய். மூன்றாவது ஆள் வந்ததோடு நீ முன்னறைக்கு வருவதையே நிறுத்திவிட்டாய்.

அப்புறம் ஒரு நாள் காலையில் கடைக்குப் போய் வெத்தலை வாங்கி வருகிறேன் என்று போன நீ வரவில்லை. மத்தியானம் தாண்டியும் வரவில்லை. உன் அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எனக்கு என்னென்னவோ தோன்றியது. ரயில்வே லைன் பக்கம் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டுக்கூட வந்தேன். அப்போதுதான் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"முத்துவோட அப்பாங்களா? பதறாதீங்க. நான் மதுரையில இருந்து பேசுறேன். ஜெயிலுக்கு எதுத்தாப்புல டீக்கடை வச்சிருக்கேன். ஒங்க பையன் இங்கதான் உக்காந்திருக்காப்ல. நல்லாத்தான் இருக்காப்ல. நீங்க வர்ற வரைக்கும் நான் எங்கிட்டும் போக விடமாட்டேன்."

போட்டிருந்த சட்டையோடு பஸ் ஏறி ஆரப்பாளையத்தில் இறங்கி ஓடினேன். நீ பெஞ்சில் உட்கார்ந்து ஜெயில் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாய். கையில் வடை இருந்தது, கடிக்காமல் வைத்திருந்தாய். அந்த டீக்கடைக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "திட்டிறாதீங்க. ஒங்க பையன் மட்டும் இல்ல, அப்பப்ப யாராச்சும் இப்பிடி வந்து உக்காருவாங்க. விட்டுட்டாங்கன்னு வெளிய போவாங்க. போன எடத்துல கால் பாவாது. பழகின எடத்தப் பாத்துட்டுப் போவோம்னு வருவாங்க. நான் பேச்சுக் குடுத்து வீட்டு நம்பர வாங்கிருவேன். நம்பர் சொல்ல ஆள் இருக்கவங்க பொழச்சுக்குவாங்க. நம்பரே இல்லாதவங்கதான்..." என்று சொல்லிவிட்டுப் பால் சட்டியைக் கிண்டினார். அவருக்கு நான் என்ன கைம்மாறு செய்ய முடியும்? பணத்தை எடுத்தேன். டீக்கும் வடைக்கும் மட்டும் வாங்கிக்கொண்டார்.

பஸ் வாடிப்பட்டி தாண்டியது. அப்புறம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "உள்ள இருந்தா எங்க நிக்கணும்னு தெரியும்ப்பா. இங்க எங்க நின்னாலும் யாருக்காச்சும் எடைஞ்சலா இருக்கேன்." நான் உன் கையைப் பிடித்துக்கொண்டேன். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது பிடித்தது, அதற்கப்புறம் அன்றைக்குத்தான். திண்டுக்கல் வந்து இறங்குகிற வரை விடவில்லை. நீயும் விடவில்லை.

அடுத்த நாள் அலுவலர் அம்மாவைப் போய்ப் பார்த்து நடந்ததைச் சொன்னேன். உன் தண்டனை முடிந்துவிட்டது, அவருக்கு உன் பொறுப்பு எதுவும் இல்லை. இருந்தாலும் அவர் கேட்ட முதல் கேள்வி, "காலையில எந்திரிச்சதும் அவருக்குப் போறதுக்கு ஒரு எடம் இருக்கா சார்?" என்பதுதான். நான் ஏறி இறங்கிய கடைகளை எல்லாம் சொன்னேன். லாரி ஷெட்டில் அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார்கள். பூட்டுக் கடையில் விஷயம் தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர் யோசித்துவிட்டு, "உள்ள சமையல்ல இருந்தாருல்ல?" என்று கேட்டு, பிரியாணிக் கடை வைத்திருக்கிற மைதீன் பாய்க்குப் போன் போட்டார்.

மைதீன் பாய் உன்னைச் சேர்த்துக்கொண்டது உனக்குத் தெரியும். முதலில் பின்கட்டில் வெங்காயம் உரிக்க விட்டார், பிறகு அடுப்புக்கு ஏற்றினார், பிறகு பந்தியில் பரிமாற விட்டார். உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அந்த நாட்களில் நான் தினமும் மத்தியானம் பாய் கடைக்கு எதிரே இருக்கும் மருந்துக் கடை நிழலில் வந்து நிற்பேன். உன்னை யாரும் ஏதும் சொல்லிவிடக் கூடாதே, நீயும் யாரையும் ஏதும் செய்துவிடக் கூடாதே என்று ஒரு பயம். உன் அம்மாவிடம் பென்ஷன் ஆபீஸ் போகிறேன் என்று சொல்லிவிட்டு வருவேன்.

அப்படி நின்ற ஒரு நாள்தான் அது நடந்தது. நீ பிரியாணி வாளியோடு பந்திக்கு வந்தாய். மார்க்கெட் ஆள் ஒருவர் உன் முகத்தைப் பார்த்ததும் இலையைத் தள்ளிவிட்டு எழுந்தார். "ஆளக் கொன்னவன் கையால சோறு போடுறீங்களா பாய்?" என்று கத்தினார். நீ வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டித் தலையைக் குனிந்து நின்றாய். நான் ரோட்டைத் தாண்டி வந்துவிட்டேன், வாசல் படியில் கால் வைத்துவிட்டேன். அதற்குள் பாய் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"அண்ணே, நீங்க சொல்றது நெசந்தான். ஜெயிலுக்குப் போய் வந்த பையன்தான். ஆனா எனக்கு ஒரு வெவரம் மட்டும் சொல்லுங்க. இங்க வேணாம்னா அவன் எங்க போகணும்? ஒரு எடம் நீங்களே சொல்லுங்க. நாளைக்கே அங்க அனுப்பி வைக்கிறேன்."

அவர் பாயைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். கையைக் கழுவிக்கொண்டு வெளியே போய்விட்டார். பாய் உன் பக்கம் திரும்பி, "என்னடா நிக்கிற? அடுத்த எலைக்குச் சோறு வை" என்றார். நீ வாளியை எடுத்துக்கொண்டு நடந்தாய். அந்த மனுஷர் சில வாரம் கழித்துத் திரும்பவும் சாப்பிட வந்தார் என்றும், உன்னையே கூப்பிட்டுக் குழம்பு கேட்டார் என்றும் பாய் பிறகு என்னிடம் சொன்னார். அவருக்கும் நான் நன்றிக்கடன் பட்டவன்தான்.

உன் பார்வையில் படாமல் நான் திரும்பி நடந்தபோது பாய் பின்னாலேயே வந்து பிடித்துக்கொண்டார். "சார், நீங்க தெனமும் வந்து எதுத்தாப்புல நிக்கிறது எனக்குத் தெரியும். கோச்சுக்காதீங்க, ஒண்ணு சொல்றேன். உள்ள இருந்த வரைக்கும் ஒருத்தன் பாத்துக்கிட்டே இருந்தான். இங்கயும் நீங்க பாத்துக்கிட்டே இருந்தா, பய எப்ப சார் வெளிய வருவான்?" என்றார். மறுநாளிலிருந்து நான் போகவில்லை. மத்தியானம் வீட்டில் கிடந்து புரண்டேன், ஆனால் போகவில்லை. அந்தச் சமயத்தில்தான் நீ சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது உன் அம்மாவுக்கு மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு வர ஆரம்பித்தாய். கடையில் நடந்ததைச் சிரித்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தாய். தட்டை எடுத்துக்கொண்டு எங்கள் நடுவில் வந்து உட்கார்ந்தாய்.

மலரைப் பற்றி நான் சொல்லி உனக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் எழுதத் தோன்றுகிறது. பெண் பார்க்கப் போன அன்று காப்பி வருவதற்கு முன்னாலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று நீ பிடிவாதமாக இருந்தாய். சொன்னாய். அவள் அப்பா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். நாங்களும் எழுந்துவிட்டோம். அப்போது உள்ளேயிருந்து அந்தப் பிள்ளை வந்து, "உக்காருங்கப்பா. இவுக சொல்லிட்டாக. சொல்லாம கெட்டியிருந்தா நமக்கு எங்கிட்டுத் தெரியப் போவுது?" என்று சொன்னது. அந்த மாதிரி ஒரு மருமகள் கிடைக்க நானும் உன் அம்மாவும் என்ன செய்தோமோ தெரியாது.

இப்போது அதே மலர் பழனிச்சாமியை வைக்கத் தயங்குகிறாள் என்று உன் அம்மாவிடம் சொன்னாயாம். குரலில் கொஞ்சம் குறை தெரிந்ததாம். அவளைக் குறை சொல்லாதே. உன்னை ஏற்றுக்கொண்டபோது அவள் தனி ஆள். இப்போது மூன்று வயதுப் பிள்ளைக்குத் தாய். உன்னை அவள் பார்த்துப் பேசி முடிவெடுத்தாள். அவரை அவள் பார்த்ததே இல்லை. "நானும் அங்கருந்து வந்தவந்தான்" என்று சொல்லி அவள் வாயை அடைத்துவிடாதே. அப்படிச் சொன்னால் அவளால் பதில் பேச முடியாது, பயமும் போகாது. செல்வியிடம் அலுவலர் அம்மா கேட்ட மாதிரி, உனக்கு என்ன பயம், என்ன செய்தால் அது குறையும் என்று நிதானமாகக் கேள். அவள் சொல்வதை ஒவ்வொன்றாகக் காப்பாற்று. வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாய். கொடைக்கானல் போகிற கூட்டம் நாள் முழுக்க வந்துபோகிற இடம். அவருக்கும் அந்தச் சத்தம் பழக நாளாகும் என்பதையும் யோசி.

அப்படியும் அவரை வைத்துக்கொள்வதாக முடிவானால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். எடுத்த எடுப்பில் கல்லாவையும் கொடுக்காதே, கண்ணிலேயே வைத்துக் காவலும் காக்காதே. செய்ய ஒரு வேலையும் உட்கார ஒரு இடமும் காட்டிவிட்டு உன் வேலையைப் பார். லேட்டாக வந்தால் மற்றவர்களைத் திட்டுகிற மாதிரியே திட்டு. பாவம் பார்த்து விட்டுவிட்டால் அதுவே அவருக்குக் குத்தும். வருகிறவர்களிடம் அவர் கதையைச் சொல்லாதே; யாராவது கேட்டால் பொய்யும் சொல்லாதே. ஆதார் கார்டு இல்லாமல் அவரால் ஒரு சிம் கார்டு கூட வாங்க முடியாது. அதற்கு அலைவதற்கு நான் இருக்கிறேன். இந்த வயதில் எனக்கும் போக ஒரு இடம் வேண்டுமே. அலுவலர் அம்மா மாற்றலாகிப் போய்விட்டாலும் போன் செய்தால் யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்வார்.

இதையெல்லாம் எழுதிவிட்டு, இனி உன் இஷ்டம் என்று முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நேற்றைக்கு ஒரு காரியம் செய்துவிட்டேன். உன்னிடம் கேட்காமல் செய்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. அவர் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கிக்கொண்டு அங்கேயே படுத்திருக்கிறார் என்று நீ அம்மாவிடம் சொன்னாய் அல்லவா? காலையில் பஸ் ஏறிவிட்டேன். உன் அம்மா, "அவரு யாரு என்னன்னு தெரியாம..." என்று ஆரம்பித்தவள், பிறகு ஒன்றும் சொல்லாமல் தூக்குச்சட்டியில் தயிர்சாதம் போட்டுக் கொடுத்தாள்.

முருங்கைக்காய்க் கட்டுகளுக்கு நடுவே இரண்டு மூன்று பேரிடம் விசாரித்தேன். நரைத்த தலை, ஒடிசலான தேகம், சாக்கைத் தோளில் மடித்துப் போட்டிருந்த ஒருவர் கிட்டே வந்து, "ஏனுங்க, யாரைத் தேடறீங்க?" என்றார்.

"பழனிச்சாமின்னு ஒருத்தர்."

அவர் முகம் மாறிவிட்டது. "நான் ஒண்ணும் பண்ணலீங்களே" என்றார். "நான் முத்துவோட அப்பா" என்றேன். அவர் சாக்கைக் கீழே போட்டார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "தம்பி நல்லா இருக்காருங்களா? அங்க எனக்குக் காய்ச்சல் வந்து கெடந்தப்ப என் பங்கு அரிசியையும் அவருதானுங்க அரிச்சுப் போட்டாரு" என்றார். நீ இதை எங்களிடம் சொன்னதே இல்லை.

மரத்தடியில் உட்கார்ந்து தயிர்சாதத்தை இரண்டு பேரும் சாப்பிட்டோம். ஊருக்குப் போகவில்லையா என்று கேட்டேன். தொப்பம்பட்டிக்குப் பக்கத்தில்தான் அவர் ஊர். "போனனுங்க. போகாம இருக்க முடியலீங்க. என் கூடப்பொறந்த தம்பி வீட்டு வாசல்ல நின்னனுங்க. புதுசா வந்த மருமவளாட்ட இருக்குது, வெளிய வந்து, யாருங்க வேணும்னு கேட்டுச்சுங்க. தண்ணி மட்டும் குடுங்கன்னு வாங்கிக் குடிச்சுட்டு வந்துட்டனுங்க." கையைக் கழுவிக்கொண்டே, "நாஞ் செஞ்சதுக்கு அதுவே பெருசுங்க" என்றார். அவர் கொன்றது கூடப்பிறந்த அண்ணனை. நிலத்துக்காக வந்த காட்டுத் தகராறு. அதை அவரே சொன்னார், எதையும் குறைத்துச் சொல்லவில்லை. உன் கடை விஷயத்தைப் பற்றிக் கேட்டபோது, "தம்பிக்கு என்னால சங்கடம்னா வேண்டாமுங்க. நான் கேட்டதையே மறந்துரச் சொல்லுங்க. பொண்டாட்டி புள்ளயோட நல்லா இருக்கட்டுமுங்க" என்றார்.

அதற்கப்புறம் அவரை அங்கேயே விட்டுவிட்டு என்னால் பஸ் ஏற முடியவில்லை. "முத்து யோசிச்சு முடிவு சொல்லட்டும். அதுவரைக்கும் நம்ம வீட்டுல வந்து இருங்க. மாடியில அவன் இருந்த ரூம்பு சும்மாத்தான் கெடக்கு" என்றேன். அவர் நம்பவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும், "நெசமாவே வரலாமுங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

இப்போது இங்கேதான் இருக்கிறார். ராத்திரி நன்றாகத் தூங்கினார் என்று நினைக்கிறேன். காலையிலிருந்து உன் அம்மாவோடு உட்கார்ந்து பூண்டு உரிக்கிறார். உன் அம்மா உன் சின்ன வயசுக் கதையை எல்லாம் அவரிடம் அளந்துகொண்டிருக்கிறாள். ஆகையால் முத்து, நீயும் மலரும் அவசரப்பட்டு முடிவெடுக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டுப் பாப்பாவோடு வாருங்கள். மலர் அவரைப் பார்க்கட்டும், பேசட்டும். சரி என்றால் அவர் உன்னோடு வருவார். வேண்டாம் என்றாலும் குற்றமில்லை. அவர் இங்கே இருப்பார். நாங்கள் மைதீன் பாயைக் கேட்கிறோம். அவருக்குப் போவதற்கு இடம் இல்லை என்ற கவலையில் மட்டும் நீங்கள் முடிவெடுக்கக் கூடாது. அந்தக் கவலையை நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

இத்தனை பேர் கை கொடுத்துத்தான் நீ எனக்குத் திரும்பக் கிடைத்தாய். இவ்வளவு நாள் இதை யாரிடமும் கொட்டவில்லை. இன்றைக்கு மனசு லேசாக இருக்கிறது. நீயும் மலரும் பாப்பாவும் நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா கீழேயிருந்து கூப்பிடுகிறாள். "எழுதுனது போதும், எறங்கி வாங்க. சோறு ஆறுது. இவரு பசிக்குதுன்னு வாயத் தொறந்து கேக்கமாட்டாரு போல." நான் போய் அவரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

உன் அப்பா